ட்ரேஸ் செய்தால் கை தனியாக வருமா?

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகளுக்காக ஒரு பாட்டிக் கதையை அனிமேஷனாகச் செய்துவருகிறேன். நீர்வண்ணத்தில் வரைந்த படங்களை ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் (படத்தைத் தானாகவே கோட்டு வடிவங்களாக்கும் வசதி) கொடுத்து, எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாகச் சின்ஃபிக் என்ற அனிமேஷன் மென்பொருளில் இறக்கினேன். மென்பொருள் திணறுகிறது. பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தால் கழுத்தும் கூடவே வருகிறது. பிக்சல்களாலான பிட்மேப்பை, கோடும் வளைவுமான வெக்டராக்கினால் எல்லாம் எளிது என்றார்களே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கையோடு கழுத்தும் வருகிறது என்று எழுதினீர்களே, சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. எது கை, எது கழுத்து என்று ட்ரேஸுக்குத் தெரியாது. அது நிறத்தை மட்டுமே பார்க்கும். பல நிறங்களில் ட்ரேஸ் செய்யும்போது, நிறத்துக்கு ஒரு பாதை, அதாவது புள்ளிகளை இணைக்கும் ஒரு கோட்டு வடிவம், என்று போட்டுக்கொண்டே போகும். பாட்டியின் முகம், கழுத்து, கை எல்லாம் ஒரே தோல் நிறம் என்பதால் ஒரே பாதைக்குள் அடைபட்டுவிட்டன. அசைப்பதற்கோ மூட்டு மூட்டாகப் பிரித்த படம் வேண்டும். அப்படிப் பிரிப்பது வரைகிறவரின் வேலை.

திணறலுக்கும் ட்ரேஸ்தான் காரணம். நீர்வண்ணத்தின் ஓரங்கள் பிசிறடிக்கும். தாளின் சொரசொரப்பும் ஸ்கேனில் விழும். பிசிறு ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் வைத்தால் கோப்பு கனக்காமல் என்ன செய்யும்?

பாட்டியை மறுபடி வரையுங்கள். ஸ்கேனை அடி லேயரில் வைத்துப் பூட்டிவிட்டு, அதன்மேல் பேனா கருவியால் மேற்கை, முன்கை, உள்ளங்கை என்று தனித்தனி வடிவங்களாகப் போடுங்கள். முழங்கையில் இரு துண்டுகளின் முனைகளையும் வட்டமாக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விடுங்கள். கை மடங்கும்போது இடைவெளி தெரியாது. முன்கைக்கு ஏழெட்டுப் புள்ளிகள் தாராளம். புள்ளி குறையக் குறைய வளைவு அழகாக அசையும்.

பின்னணியை மட்டும் தயவுசெய்து ட்ரேஸ் செய்யாதீர்கள். நீர்வண்ணத்தின் உயிரே அந்த ஊறலில்தான் இருக்கிறது. அதைத் தட்டையான நிறத் திட்டுகளாக்குவது உங்கள் கை உழைப்புக்குச் செய்யும் அநியாயம். அது பிஎன்ஜி பிட்மேப்பாகவே இருக்கட்டும். அளவை மட்டும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். உங்கள் படம் 1920 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பின்னணியின் பாதி அகலம் திரையை நிரப்புமளவுக்குக் கேமரா நெருங்கினால், பின்னணிக்கு 3840 பிக்சல் அகலம் வேண்டும். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் நீளவாட்டில் கிடைப்பது 3508தான். நெருக்கத்தில் சற்று மங்கும். 600 வைத்தால் 7016 கிடைக்கும். கேமரா நகராத காட்சிகளுக்கு 300 போதும்.

இன்னும் இரண்டு. படத்தில் எழுத்து இருந்தால், எஸ்விஜியாகச் சேமிக்கும் முன் இங்க்ஸ்கேப்பிலேயே பாதையாக மாற்றிவிடுங்கள். அங்கே போட்ட பிளர் (மங்கலாக்கும் விளைவு) சின்ஃபிக்குக்கு வந்து சேரும் என்று நம்ப வேண்டாம். சின்ஃபிக்கிலேயே பிளர் லேயர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முதலில் கையை மட்டும் வரைந்து இறக்கி, அசைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்