பஸ் சார்ஜும் போன் சார்ஜும் ஒன்றா?

கேள்வி (திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி): ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வீட்டில் நான்தான் பாடம் சொல்லித் தருகிறேன். போன வாரம் மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது, "பஸ்ஸுக்குக் கொடுக்கிறதும் சார்ஜ், போனுக்குப் போடுறதும் சார்ஜ், போலீஸ் அடிச்சா லத்தி சார்ஜ், புது கலெக்டர் வந்தா சார்ஜ் எடுத்தார்னு சொல்றாங்க, எப்படிம்மா?" என்று கேட்டாள். அகராதியில் பொருள்கள் வரிசையாக நீண்டுகொண்டே போகின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்லவா?

பதில்: வேண்டாம் சகோதரி. ஒரு நாள் காலையில் மகளைக் கீழமாசி வீதிக்குக் கூட்டிப்போங்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்குவதையும் தள்ளுவண்டியில் ஏற்றுவதையும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும், இந்தச் சொல்லின் கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. அதிலிருந்து வண்டியில் சுமை ஏற்றுவதற்கு ஒரு சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. கார், கார்கோ இரண்டும் இதே குடும்பம்தான். ஆக, முதல் பொருள் சுமை ஏற்றுவது. அப்புறம் வந்ததெல்லாம், எதன் மேல் எதை ஏற்றினார்கள் என்பதுதான்.

செலவை ஒருவர் மேல் ஏற்றினால் கட்டணம். 'செலவை என் தலையில் கட்டிட்டான்' என்று நாம் சொல்வதில்லையா, அதேதான். குற்றத்தை ஏற்றினால் சார்ஜ் ஷீட். இங்கே நம் தமிழைப் பாருங்கள், குற்றம் சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், பழியையும் சுமத்துகிறோம். இங்கிலீஷ்காரனைக் கேட்டா செய்தோம்? கனமானது எதுவாக இருந்தாலும் அதைத் தோளில் ஏறிய சுமையாகப் பார்ப்பது மனிதருக்கு இயல்பு, அதனால் இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே வழியில் போயிருக்கின்றன.

புது கலெக்டர் சார்ஜ் எடுப்பதற்குத் தமிழில் பொறுப்பு ஏற்பது என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பொறுத்தல் என்றால் தாங்குதல், பொறை என்றால் சுமை. யாருக்கும் உதவாமல் பணம் சேர்ப்பதிலேயே குறியாக இருப்பவனை வள்ளுவர் 'நிலக்குப் பொறை' என்கிறார் (குறள் 1003), பூமிக்குப் பாரம் என்று பொருள். அந்தப் 'பொறு'விலிருந்து வந்ததுதான் பொறுப்பு. பதவி என்பது தோளில் ஏறும் மூட்டை என்று இரண்டு மொழிக்காரர்களும் நினைத்திருக்கிறார்கள், இதை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, போன்? துப்பாக்கியிலும் பீரங்கியிலும் மருந்து திணிப்பதையும் ஆங்கிலத்தில் சார்ஜ் என்பார்கள், அதுவும் ஒரு லோடுதானே. 1740களில் பெஞ்சமின் பிராங்கிளின் கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சோதனை செய்தபோது, ஜாடியில் மின்சாரம் ஏற்றுவதற்கும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார். வரிசையாக நிறுத்திய ஜாடிகளுக்கு அவர் வைத்த பேட்டரி என்ற பெயரும் பீரங்கி வரிசையின் பெயர்தான். இன்றைக்கு நாம் 'சார்ஜ் ஏறல', 'சார்ஜ் இறங்கிடுச்சு' என்கிறோம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே மூட்டைக்கு உரிய ஏறுவதும் இறங்குவதும் நம் வாயில் வந்துவிட்டன.

லத்தி சார்ஜ் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கும். அங்கே சார்ஜ் என்றால் எதிராளி மேல் பாய்வது. பாலமேட்டில் வாடிவாசல் திறந்ததும் காளை ஆள் மேல் பாய்ந்தால் ஆங்கிலத்தில் அதற்கும் இதே சொல்தான். 'மேலே விழுந்து அடிக்கிறான்' என்று நாம் சொல்வதை நினைவுபடுத்துங்கள், உடம்பின் பாரம் முழுவதையும் எதிராளி மேல் போடுவதாகப் பிள்ளை மனதில் வைத்துக்கொள்ளும்.

ஏற்றியதை இறக்கினால் டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரியிலிருந்து ஆளை வீட்டுக்கு அனுப்புவது டிஸ்சார்ஜ், வைகை அணையில் இத்தனை கன அடி தண்ணீர் திறந்தார்கள் என்பதற்கும் பொறியாளர்கள் டிஸ்சார்ஜ் என்றே எழுதுகிறார்கள்.

கேள்வி (மேலூரிலிருந்து ஒரு மாணவர்): மின்சார சார்ஜுக்குத் தமிழில் மின்னூட்டம், மின்னேற்றம் இரண்டையும் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: பரீட்சைக்குப் பிரித்து எழுதுவது நல்லது தம்பி. எலக்ட்ரானுக்கு எதிர், புரோட்டானுக்கு நேர் என்று சொல்கிறோமே, துகளுக்கே உரிய அந்தப் பண்பு மின்னூட்டம், பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும், அதன் அலகு கூலும். பேட்டரியில் மின் ஆற்றலை ஏற்றும் வேலைக்கு மின்னேற்றம் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, திருமங்கலம் பிள்ளைக்கும் சேர்த்தே சொல்கிறேன். பஸ்ஸில் நாம் சார்ஜ் என்று கேட்பதும் கொடுப்பதும் இங்கே எல்லாருக்கும் புரியும், ஆனால் ஆங்கிலப் பரீட்சையில் பயணக் கட்டணத்துக்கு ஃபேர் என்ற சொல்லைத்தான் எழுத வேண்டும்.