கேஸ் உலை செய்யப் போகிறவர்கள் எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் பரம்பரையாக அரிவாள் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறோம். கரி கிடைப்பது சிரமமாகிவிட்டதால் கேஸ் உலை ஒன்றை நாங்களே செய்து பார்த்தோம். உள்ளே ஒட்டிய செராமிக் கம்பளி இரண்டே மாதத்தில் நொறுங்கிக் கொட்டிவிட்டது. விற்ற கடைக்காரர் பொறுப்பேற்க மறுக்கிறார். மறுபடியும் செய்வதானால் பழைய கேஸ் சிலிண்டரை அறுத்துக் கூடாக்கலாம், வீட்டு ரெகுலேட்டரும் அடுப்புக் குழாயுமே போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். சரிதானா ஐயா?

பதில்: சரியில்லை. சிலிண்டரை அறுக்கும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். காலியாகிவிட்டது என்று நாம் நினைக்கும் சிலிண்டரிலும் வாயு தங்கியிருக்கும்; அறுக்கும்போது தெறிக்கும் ஒரு பொறி போதும். அதோடு, நாம் கட்டுவது வைப்புத்தொகை மட்டுமே என்பதால் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கிறது. 3 மி.மீ. கனமுள்ள சாதாரண இரும்புத் தகட்டையோ, பழைய இரும்புக் காயலான் கடையில் கிடைக்கும் தடித்த குழாய்த் துண்டையோ வளைத்துக் கூடு செய்துகொள்ளுங்கள். ஜி.ஐ. குழாய் மட்டும் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகி, மூச்சில் கலந்து காய்ச்சலைக் கொடுக்கும். கூட்டில் எவ்வளவு சிக்கனம் வேண்டுமானாலும் பாருங்கள்; ரெகுலேட்டர், குழாய், உட்பூச்சு ஆகிய மூன்றில் மட்டும் பார்க்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

வீட்டு ரெகுலேட்டர் சமையல் அடுப்புக்கு வேண்டிய சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தையே விடும். காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் உலை பர்னருக்கு வழக்கமாக 5 முதல் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) தேவைப்படுகிறது, அது வீட்டு அழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, மீட்டர் பொருத்திய உயர் அழுத்த ரெகுலேட்டரை வாங்குங்கள். அடுப்புக் குழாய் இந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று. ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதோடு, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு உரிய வகைதானா என்றும் கேட்டு வாங்குங்கள். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்து, ஒரு குமிழி கிளம்பினாலும் பற்றவைக்காதீர்கள். வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டின் எரிவாயு வினியோக ஆணைப்படி குற்றம் என்பதால், 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கே பதிவு செய்யுங்கள். நெடுநேரம் உலை எரிந்தால் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து, சில நேரம் வெண்பனி படிந்து, சுடர் தளரும். உள்ளிருக்கும் திரவம் ஆவியாகும்போது தானே குளிர்ந்துவிடுவதுதான் காரணம். அப்போது சிலிண்டரை நெருப்பருகே நகர்த்தி வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனி நொறுங்கிய கம்பளிக்கு வருவோம். பஞ்சைப் போலத் தோன்றும் இந்தக் கம்பளியை அப்படியே ஒட்டி எரித்தால் சுடரின் வேகமே அதை அரித்துவிடும். உதிரும் நுண்ணிழைகள் நுரையீரலுக்கும் தீங்கானவை. 25 மி.மீ. தடிமனில், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தியும் 1260 டிகிரி செல்சியஸ் வெப்பத் தரமும் உள்ள கம்பளியை இரண்டு அடுக்காக வைத்து, சிலிக்கா கரைசல் தெளித்து இறுக வைத்து, அதன்மேல் வெப்பம் தாங்கும் சாந்தைப் பூச வேண்டும். சாந்து நன்றாக உலர்ந்த பிறகே, சிறு சுடரில் தொடங்கி, மெல்லச் சூடேற்றுங்கள். இந்த வேலைகளைச் செய்யும்போது முகக்கவசம் அணிவது கட்டாயம். நீங்கள் பூச்சின்றி எரித்தீர்களா, இரும்போடு எஃகை ஒட்டவைக்க வெங்காரம் (போராக்ஸ்) தூவினீர்களா என்று எழுதவில்லை. உருகிய வெங்காரம், வெந்நீரில் விழுந்த சர்க்கரையைப் போல இந்தக் கம்பளியைக் கரைத்துவிடும். அப்படி நடந்திருந்தால் பொருளைக் குறை சொல்வதற்கில்லை.

அவ்வாறில்லாமல், தரம் குறைந்த கம்பளியை 1260 டிகிரி என்று சொல்லி விற்றிருந்தால் நீங்கள் தாராளமாக முறையிடலாம். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடைக்காரர் வாதிடக்கூடும். ஆனால் தம் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ரசீதில் வெறுமனே ‘கம்பளி 1 ரோல்’ என்று எழுதியிருந்தால் வழக்கு வலுவிழக்கும். எனவே அடுத்த முறை தரம், அடர்த்தி, தடிமன் ஆகிய மூன்றையும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நொறுங்கிய கம்பளியில் ஒரு துண்டையும், உலையில் வைக்காமல் மீந்த துண்டு இருந்தால் அதையும், தனித்தனி உறையில் இப்போதே எடுத்து வையுங்கள்.