டிசி வேண்டாம், தேதி போட்ட கடிதம் கொடுங்கள்

கேள்வி: என் மகன் அரசு உதவிபெறும் பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கிறான். வயது 14. பாடத்தை வாயால் சொல்லச் சொன்னால் மடமடவென்று சொல்வான். எழுதச் சொன்னால் பக்கமெல்லாம் பிழை. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். காலாண்டில் கணக்கைத் தவிர எதிலும் பாஸ் இல்லை. "இவன் பத்தாவது எழுதினால் பள்ளி ரிசல்ட் போய்விடும், டிசி வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதட்டும்" என்கிறார் தலைமையாசிரியர். டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று ஓர் ஆசிரியை சொன்னார். சான்றிதழ் அது இது என்று போனால் பையனுக்கு ஒரு பேரைக் கட்டிவிடுவார்கள் என்று என் கணவர் தடுக்கிறார். அவரும் ஒன்பதாவதோடு நின்றவர்தான். நான் என்ன செய்ய?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

டிசி வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தனித்தேர்வு என்றால் ஏதோ சுலபமான வழி என்பதுபோலப் பேசுகிறார்கள். உங்கள் மகனுக்கு அதுதான் கஷ்டமான வழி. அறிவியலில் செய்முறைக்கு மட்டும் 25 மதிப்பெண். கையால் செய்து காட்டுவது என்பதால் இவனைப் போன்ற பிள்ளைகள் நம்பி எடுக்கக்கூடிய மதிப்பெண் அது. பள்ளியில் இருந்தால் ஆய்வுக்கூடத்திலேயே பழகிவிடுவான். வெளியே போனால் அதற்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அலைய வேண்டும்.

நீங்கள் அனுப்பியிருந்த நோட்டுப் பக்கத்தின் நகலைப் பார்த்தேன். 'வளிமண்டலம்' என்பது மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது: வழிமன்டளம், வளிமடலம், வலிமண்டம். 'கொடுக்கிறது' என்பதில் கால் விழுந்து 'கெடுக்கிறது' ஆகியிருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே வரைந்திருக்கும் படத்தில் அடுக்குகளின் வரிசை சரியாக இருக்கிறது. பாடம் புரியாத பிள்ளைக்கு அந்தப் படம் வராது. அதன்மேல் சிவப்பு மையில் "ஐந்து முறை எழுது" என்று இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஐந்து முறை எழுதினால் ஐந்து விதமாக எழுதுவான், அவ்வளவுதான்.

இதை வைத்தே டிஸ்லெக்சியா என்று நான் சொல்லிவிட முடியாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதில் கோளாறு இல்லை என்றால் உளவியலாளரிடம் முறையான மதிப்பீடு. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர் இருப்பார், முதலில் அவரைப் பாருங்கள். சான்றிதழ் அரசு மருத்துவமனை வழியாகத்தான் வர வேண்டும். முகாம் எப்போது, எங்கே என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சென்னைக்கு வந்துபோக முடியுமானால் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் மதிப்பீடு செய்கிறார்கள்.

தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு கடிதம் எழுதுங்கள்: "என் மகனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று கருதுகிறோம். மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்துவருகிறோம். அதுவரை அவனுக்கு வகுப்பில் உதவ வேண்டுகிறோம்." தேதி போட்டு, இன்னொரு பிரதியில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டிசி பேச்செல்லாம் வாய்ப்பேச்சாக இருக்கும்வரைதான், தாளில் ஏறிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி இத்தகைய பிள்ளைகளைப் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக் கற்பிக்க வேண்டும், குறையை முடிந்தவரை சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்கிறது அதன் 16ஆவது பிரிவு. 14 வயதுவரை கண்டறியாமல் விட்டுவிட்டு ரிசல்ட்டைப் பற்றிக் கவலைப்படுவது எந்த ஊர் நியாயமோ!

சான்றிதழ் கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். விண்ணப்பம் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும், அதுவும் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே. நீங்கள் ஒன்பதாவதிலேயே கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

சலுகை கிடைத்தும் தோற்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சொல்லி எழுதவைத்து அவர்களுக்குப் பழக்கமே இருக்காது. உங்கள் மகன் மடமடவென்று சொல்வான் என்கிறீர்கள், சிக்கலே அங்கேதான். எழுதுபவரின் பேனா அந்த வேகத்துக்கு ஓடாது. "என்ன சொன்னாய், திருப்பிச் சொல்" என்று அவர் ஒருமுறை கேட்டால் போதும், பையனுக்குக் கோர்வை அறுந்துவிடும். அதனால் இப்போதிருந்தே வாரத்தில் சில நாள், சமூக அறிவியலில் ஒரு நெடுவினாவை அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவன் சொன்னதை மட்டும் எழுதுங்கள், திருத்தாதீர்கள். பாதி வாக்கியம் சொன்னால் பாதிதான் தாளில் இருக்க வேண்டும். பிறகு வாசித்துக் காட்டுங்கள், எது விட்டுப்போனது என்று அவனே பிடிப்பான். "தலைப்பு, அடிக்கோடு", "அடுத்த பத்தி" என்பதையும் அவன்தான் சொல்ல வேண்டும். கணக்கில் "பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏசி, முழுவதும் வர்க்கமூலத்துக்குள்" என்று சொல்லத் தெரியாவிட்டால் தெரிந்த கணக்கும் தவறாகத்தான் தாளில் ஏறும். தேர்வறையில் எழுதுபவர் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆசிரியராக இருப்பார், எனவே கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா யாரையாவது எழுதச் சொல்லுங்கள். 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரமாகும் என்பதால் அவ்வளவு நேரம் உட்கார்ந்தும் பழக வேண்டும்.

மொழி விலக்கை அவசரப்பட்டு எழுதிக்கொடுக்க வேண்டாம். எது அதிகம் படுத்துகிறது, தமிழா ஆங்கிலமா என்று அரையாண்டு விடைத்தாள்களை வைத்துச் சிறப்பு ஆசிரியரோடு பேசி முடிவெடுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. வாசிப்பில் வரும் இந்தத் தடுமாற்றம் குடும்பத்தில் தொடர்வது உண்டு. அவர் ஏன் ஒன்பதாவதோடு நின்றார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? பேர் கட்டிவிடுவார்கள் என்ற பயம் அவர் பட்டதிலிருந்து வந்திருக்கலாம். அவரோடு வாதாடாதீர்கள். மதிப்பீட்டு நாளில் கூடவே அழைத்துப் போங்கள், உளவியலாளர் கேட்கும் கேள்விகளைக் கேட்டு அவரே மனம் மாறக்கூடும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் அசலைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள். பதினொன்றாம் வகுப்பிலும் கேட்பார்கள்.