வீடியோ டேப் வருவதற்கு முன்னால் டிவி நிகழ்ச்சிகளை எப்படிப் பதிவு செய்தார்கள்? டேப் எப்படி வந்தது?

டிவி திரைக்கு எதிரே சினிமா கேமராவை நிறுத்திப் படம் பிடித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் வழி. கினெஸ்கோப் என்று அதற்குப் பெயர்.

அமெரிக்காவில் இதற்கு ஏன் அவ்வளவு தேவை இருந்தது என்பது நமக்குச் சட்டென்று பிடிபடாது. நமக்கு நாடு முழுக்க ஒரே மணி. அங்கே நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் லாஸ் ஏஞ்சலஸில் மாலை 5. பாதிப் பேர் வேலையிலிருந்து வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். அதனால் கிழக்கிலிருந்து வரும் நிகழ்ச்சியை ஃபிலிமில் பிடித்து, அவசர அவசரமாகக் கழுவி, மூன்று மணி நேரத்தில் மேற்கில் ஓட்டுவார்கள். படம் மங்கல், ஃபிலிம் செலவோ தலைக்கு மேல்.

ஆடியோ டேப் அப்போதே புழக்கத்தில் இருந்தது. அதிலேயே படத்தையும் பதிய வேண்டியதுதானே என்றால், சிக்கல் வேகத்தில். ஒலிக்கு நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வு பதிந்தால் தாராளம். படத்துக்குப் பல லட்சம் வேண்டும். அதற்கு டேப், பதிவு செய்யும் முனையான 'ஹெட்'டை அசுர வேகத்தில் கடந்தாக வேண்டும். பிபிசி 'வேரா' என்று ஓர் இயந்திரம் செய்தது. அதில் டேப் நொடிக்கு 5 மீட்டர் ஓடும். அரை மீட்டர் அகல ரீல் போட்டால் கால் மணி நேரம் பதியலாம். அந்த ரீல் அறுந்தால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் ஆம்பெக்ஸ் கம்பெனியில் சார்லஸ் கின்ஸ்பர்க் குழு வேறு வழியில் போனது. டேப்பை மெதுவாக விட்டு, ஹெட்டைச் சுழல விட்டார்கள். இரண்டு அங்குல அகல டேப், நொடிக்கு 15 அங்குலம்தான் நகரும். அதன் குறுக்கே நான்கு ஹெட் பொருத்திய சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு 14,400 சுற்று சுற்றும். டேப்பைக் காற்றால் உறிஞ்சிச் சக்கரத்தின் வளைவுக்கு ஏற்பக் குழிவாகப் பிடித்திருப்பார்கள். ஹெட்டுக்கும் டேப்புக்கும் இடையே கிடைத்த வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 40 மீட்டர். கல்லூரி மாணவராக அந்தக் குழுவில் சேர்ந்த ரே டால்பி யார் என்று சொல்லத் தேவையில்லை. பின்னாளில் தியேட்டர்களில் நாம் பார்த்த 'டால்பி' அவர் பெயர்தான்.

1956 ஏப்ரலில் சிகாகோவில், ஒளிபரப்பு நிலையக்காரர்கள் கூடியிருந்த அரங்கில் அமெரிக்க டிவி நிறுவனமான சிபிஎஸ்ஸின் அதிகாரி ஒருவர் பேசினார். அவர் பேச்சை மானிட்டர்களில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்ததும், ஆம்பெக்ஸ் இயந்திரம் பதிந்திருந்த அதே பேச்சு மானிட்டரில் மறுபடி ஓட, அரங்கம் ஒரு கணம் திகைத்து, அப்புறம் எழுந்து நின்று கைதட்டியது. இயந்திரத்தின் விலை சுமார் 50,000 டாலர்; ஆனாலும் ஆர்டர் குவிந்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று சிபிஎஸ் மேற்குக் கரைக்கான செய்தியை டேப்பிலிருந்து ஒளிபரப்பியது.

வீடுகளில் கேசட் போட்டுப் படம் பார்த்த விஎச்எஸ் டெக்கை ரிப்பேர் பார்த்தவன் என்பதால் இந்தச் சுழலும் ஹெட் மேல் எனக்குத் தனிப் பிரியம். மூடியைக் கழற்றினால் சாய்ந்து நிற்கும் பளபள டிரம், அதன் பரம்பரைதான். நம் ஊர் டெக்கில் அது நிமிடத்துக்கு 1,500 சுற்று. திரையில் பொரி பொரியாக வந்தால் ஹெட்டில் அழுக்கு என்று அர்த்தம். ஸ்பிரிட்டில் நனைத்த துணியை டிரம்மில் லேசாக ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் டிரம்மைத்தான் சுற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் தேய்த்தால் போச்சு, ஹெட் நுனி உடைந்து விழும்.

அந்த ஆம்பெக்ஸ் காலத்து டேப்பில் எடிட்டிங்தான் பெரும் பாடு. ஃபிலிமில் கட்டத்தைக் கண்ணால் பார்த்து வெட்டலாம்; டேப்பில் என்ன தெரியும்? இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, தெரியும் கோடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். படம் ஒரு இடத்திலும் அதற்கான ஒலி 9 அங்குலம் தள்ளியும் பதிந்திருக்கும், அதையும் கணக்குப் போட வேண்டும். வெட்டிய டேப்பை மறுபடி நம்பிப் பயன்படுத்தவும் முடியாது. ஒரு மணி நேர டேப் ஏறத்தாழ 300 டாலர் விற்ற காலத்தில் எந்த முதலாளி வெட்ட விடுவார்? அதனால் வெட்டாமல், அழித்து அழித்துப் பதிந்தார்கள். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் பழைய பகுதிகள் பல அப்படித்தான் போயின. மிஞ்சிய 1960-களின் பகுதிகள் பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனைக்காகத் திரையிலிருந்து ஃபிலிமில் எடுத்த பிரதிகள்.

இந்த மறுபதிவுப் பழக்கத்தால் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1963 டிசம்பர் 7, ராணுவ அணிக்கும் கடற்படை அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். சிபிஎஸ் இயக்குநர் டோனி வெர்னா அரை டன்னுக்கும் மேல் எடையுள்ள டேப் இயந்திரத்தை மைதானத்துக்கே கொண்டுவந்து, நடந்த ஆட்டத்தை உடனே திரும்பக் காட்டப் பார்த்தார். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க டேப்பின் ஒலித் தடத்தில் பீப் சத்தம் பதிந்து வைத்திருந்தார். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஏற்கெனவே பயன்படுத்திய டேப். ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்று இடையிடையே எட்டிப் பார்த்தது. கடைசிக் கட்டத்தில்தான் ஒரே ஒரு முறை சரியாக வந்தது. ராணுவ அணி புள்ளி எடுத்த காட்சி அது. பார்ப்பவர்கள் இன்னொரு முறை புள்ளி எடுத்துவிட்டதாக நினைக்கக்கூடாதே என்று, இது நேரலை அல்ல, ராணுவ அணி மறுபடி புள்ளி எடுக்கவில்லை என்று வர்ணனையாளர் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.