டாஷ்போர்டில் ஓட்டை போடாமல் பழைய காரில் புது ஸ்டீரியோ

கேள்வி: 1960களில் வந்த கார் ஒன்று இருக்கிறது. அதன் பழைய தோற்றம் கெடாமல் புளூடூத் ஸ்டீரியோ பொருத்த முடியுமா?

முடியும். டாஷ்போர்டு தகட்டில் மட்டும் கத்தி வைக்காதீர்கள்.

இன்றைய ஸ்டீரியோக்களுக்குக் குறைந்தது சுமார் 182 மி.மீ. அகலமும் 53 மி.மீ. உயரமும் உள்ள திறப்பு வேண்டும். அந்தக் கால ரேடியோவுக்கோ இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் டயல், அதற்கேற்ற துளைகள். புதியதை அங்கே நுழைக்க வேண்டுமானால் தகட்டை வெட்டியாக வேண்டும். பிறகு வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்தாலும், பழைய கார்களோடு புழங்கியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் செய்வது இதுதான்: பழைய ரேடியோ ஊமையாகிப் போயிருந்தாலும் அதன் இடத்திலேயே இருக்கட்டும். புளூடூத் உள்ள சிறிய ஆம்ப்ளிஃபயரை சீட்டுக்கு அடியில் மறைத்துவிடலாம். பாட்டு, வால்யூம் எல்லாம் போனிலேயே. பழைய ரேடியோவின் உள்ளே புது சர்க்யூட் வைத்துத் தருபவர்களும் உண்டு, குமிழ்கூட மாறாது. நல்ல வேலைதான், ஆனால் இன்னும் பாடும் ஒரு வால்வு ரேடியோவைப் பிரித்துப் போட எனக்கு மனம் வராது. பழைய பாணியில் புதிதாகச் செய்த ரேடியோக்களும் கிடைக்கின்றன. பகலில் பொருந்திப் போகும், இரவில் அதன் டிஸ்ப்ளே காட்டிக்கொடுத்துவிடும்.

எதை வாங்குவதற்கும் முன்னால் பேட்டரியைப் பாருங்கள். இன்றைய ஸ்டீரியோக்கள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்த) கார்களுக்கென்று செய்தவை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடியோடு சேர்ந்திருப்பது பாசிட்டிவ் முனை. ஸ்டீரியோவின் உலோகப் பெட்டி அதன் நெகட்டிவோடு இணைந்திருக்கும். அந்தக் காரின் பாடியில் பட்டால் நேராக ஷார்ட்தான். ஆன்டெனா கேபிளின் வெளிச்சுற்று வழியாகவும் இதே ஆபத்து வரும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். டைனமோவின் துருவத்தையும் சேர்த்து மாற்றத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு அது பெரிய வேலையல்ல. இல்லையென்றால் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் (காரின் வயரிங்கோடு ஒட்டாமல் ஸ்டீரியோவுக்குத் தனியாக மின்சாரம் தரும் பெட்டி) வாங்குங்கள். உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் எங்கேயும் ஒட்டாதது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், மலிவானவற்றில் பெரும்பாலும் ஒரு வயர் பொதுவாக இருக்கும். அக்கால ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போல 6 வோல்ட் கார் என்றால் 12 வோல்ட்டுக்கு உயர்த்தும் கன்வெர்ட்டர் தேவை.

ஸ்பீக்கருக்காகக் கதவுகளை அறுக்கவே வேண்டாம். டாஷ்போர்டின் நடுவில் ஒரே ஒரு ஸ்பீக்கருக்குத்தான் இடம் என்றால், இரட்டைக் காயில் ஸ்பீக்கர் இருக்கிறது; இடது, வலது இரண்டு சேனலையும் அந்த ஒன்றே வாங்கிக்கொள்ளும். பழைய ஸ்பீக்கர் வயரின் ஒரு முனை பாடியில் இணைந்திருக்கலாம். அதை அப்படியே புது ஸ்டீரியோவில் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். புது ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் மைனஸ் வயர்கள் பாடியிலும் படக்கூடாது, ஒன்றோடொன்றும் சேரக்கூடாது.

மின்சாரத்தைத் துணி சுற்றிய பழைய வயர்களில் இருந்து எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் கார் என்றால் மெமரி வயருக்கு (ஸ்டீரியோ அணைந்திருக்கும்போதும் அதன் செட்டிங்குகள் அழியாமல் காக்கும் வயர்) தனி சுவிட்ச் வைப்பது நல்லது. ஸ்டீரியோ இழுக்கும் அந்தச் சொற்ப மின்சாரமே பேட்டரியைக் காலி செய்துவிடும்.

எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் கிர்ரென்ற இரைச்சலும் ஏறினால், முதலில் எல்லா எர்த் வயர்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து முடுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் வயர்களைப் போட்டுப் பாருங்கள்.