மழை ஓய்ந்தது, வெயில் வந்தது: தொட்டிச் செடிக் கேள்விகள்

யூடியூபில் ‘வசந்தம் தொடங்கும்போது எல்லாச் செடிகளையும் நன்றாக வெட்டிவிடுங்கள்’ என்கிறார்கள். நம் ஊரில் அது எந்த மாதம்? (தெம்பனிஸ்)

சிங்கப்பூரில் அந்த மாதமே நமக்கு இல்லை. பனிக்காலம் முழுக்க உறங்கி எழும் செடிகளுக்குச் சொன்ன யோசனை அது. நம் செடிகள் உறங்குவதில்லை. நமக்குக் கணக்கு மழைதான். டிசம்பர், ஜனவரிச் சாரல் பட்ட தொட்டிகளில் உரச்சத்து கரைந்து போயிருக்கும், மேல்மண் இறுகியிருக்கும். அதைக் கிளறிவிட்டு இரண்டு கைப்பிடி மக்கிய உரம் போடுங்கள். காய்ந்த கிளை, நோஞ்சான் கிளையை மட்டும் வெட்டுங்கள். பிப்ரவரி வறண்ட மாதம். 2014 பிப்ரவரியில் சாங்கி வானிலை நிலையத்தில் மாதம் முழுக்க 1 மில்லிமீட்டர் மழைகூடப் பதிவாகவில்லை. அப்படிப்பட்ட மாதத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் செடி தாங்காது.

என் மல்லிகை பூக்கவே மாட்டேன் என்கிறது. என்ன உரம் போடலாம்? (அங் மோ கியோ)

உங்கள் காரிடார், அதாவது செடி வைத்திருக்கும் வீட்டு வாசல் நடைவழி, எந்தத் திசை பார்த்தது? எழுதவில்லை. எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது? அதுவும் இல்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: திசையை எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறோம். மார்ச் 20ஐ ஒட்டிச் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போகும், செப்டம்பர் கடைசியில் திரும்பும். ஆகவே தெற்குப் பார்த்த காரிடாருக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை நேர் வெயில். வடக்குப் பார்த்ததற்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. கிழக்கும் மேற்கும் வருடம் முழுக்க அரை நாள் வெயில் வாங்கும். மல்லிகைக்கு ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். அது இல்லாத இடத்தில் உரம் இலையைத்தான் வளர்க்கும்.

வடக்குப் பார்த்த வீட்டு வாசகி ஒருவர் அக்டோபரிலிருந்து மாதா மாதம் உரத்தைக் கொட்டி வேரையே கருக்கிவிட்டார். ஏப்ரல் வரை பொறுத்திருந்தால் வெயில் தானாக வாசலுக்கு வந்திருக்கும். எவ்வளவு நல்ல செடி, வீணாகப் போனது!

சரி, உங்களுக்கு. வடக்கு என்றால் மார்ச் நடுவில் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். மல்லிகை புதுத்தளிரில்தான் மொட்டு வைக்கும், தளிர் வரும் நேரத்துக்கு வெயிலும் வரும். தெற்கு என்றால் பிப்ரவரியிலேயே லேசாக நுனி வெட்டுங்கள். ஏப்ரலில் வெயில் விழும் சன்னலுக்கு உள்பக்கம் மாற்றுங்கள்.

கறிவேப்பிலையைப் புழு தின்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (ஈசூன்)

ரசத்தில் போடும் இலைக்கு மருந்தா? கையால் எடுங்கள். சின்னதில் பறவை எச்சம் மாதிரியும் வளர்ந்ததும் பச்சையாகவும் இருக்கும், பட்டாம்பூச்சிப் புழுதான். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள், இலை பெருகும்.

இந்தியாவிலிருந்து மல்லிகைக் கன்று கொண்டு வரலாமா?

இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கூடாது. இங்குள்ள நர்சரிகளிலேயே கிடைக்கிறது.

சீனப் புத்தாண்டு முடிந்து லிஃப்ட் பக்கம் வைத்துவிட்ட எலுமிச்சைச் செடியை எடுத்து வளர்க்கலாமா? (பிடோக்)

வைத்தவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். தாராளமாகப் பிழைக்கும். ஆனால் பழத்தைச் சாப்பிடாதீர்கள், அலங்காரத்துக்கு வளர்த்த செடிக்கு என்ன மருந்து அடித்தார்களோ தெரியாது. பழம் முழுக்கப் பறித்து, கம்பியையும் ரிப்பனையும் அவிழ்த்து, இறுகிய மண்ணைப் பாதி உதிர்த்து, ஒரு சுற்றுப் பெரிய தொட்டியில் நடுங்கள். தொட்டி வைத்த பிறகும் காரிடாரில் 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும். அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் நிற்கக் கூடாது.

பத்து நாள் பயணம். தட்டில் தண்ணீர் நிறைத்து வைத்துவிட்டுப் போனால் போதுமா? (உட்லண்ட்ஸ்)

கூடவே கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும், நீங்கள் போவதோ பத்து நாள். தட்டில் கொசு வளர்வது பிடிபட்டால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அதைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வந்தால் என்ன செய்வீர்கள்? தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவுங்கள். கிளம்பும் நாள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிகளைச் சுவர் ஓர நிழலில் நெருக்கி, நன்றாகத் தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் மேல்மண்ணைத் தேங்காய் நாரால் மூடுங்கள். நான்காம் நாளும் எட்டாம் நாளும் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். விரல் விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள்.