தட்டினால் வந்த மீன் இப்போது ஏன் ஓடுகிறது?

கேள்வி: வவுணதீவுப் பக்கம் வளவுக்குள் குளம் வெட்டித் திலாப்பியாவும் ரோகுவும் விட்டிருக்கிறேன். வாளியைத் தட்டினால் படிக்கட்டடிக்கு ஓடி வரும். நிறை பார்க்க அதே இடத்தில் தட்டிக் கூப்பிட்டு இரண்டு மூன்று தரம் வீச்சுவலை போட்டேன். இப்போது தட்டினால் ஒன்றும் வருவதில்லை, தீன் அப்படியே மிதக்கிறது. நோயா ஐயா?

பதில்: மருந்துக்கு ஓடாதீர்கள் தம்பி. முதலில் விடியப்புறம் குளத்தைப் பாருங்கள். குளத்து நீரில் ஒட்சிசன் மிகக் குறைவது சூரியன் உதிக்கும் முன்தான். அப்போது மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் அது மூச்சுப் பிரச்சினை. தீனை நிறுத்திப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழ விடுங்கள். உடம்பில் புண், செதில் உதிர்தல் போன்ற அடையாளம் இருந்தால் நோயைச் சந்தேகிக்கலாம்.

இரண்டும் இல்லையென்றால், உங்கள் மீன் எதையும் மறக்கவில்லை. தட்டினால் தீன் என்று படித்த அதே புத்தியால் தட்டினால் வலை என்றும் படித்துவிட்டது. கார்ல் வொன் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானி, பார்வையில்லாத கெளிற்று மீனொன்று விசிலுக்கு வருவதை 1923 இல் எழுதினார். மீனுக்குக் காது கேட்காது என்று பலர் நம்பிய காலம் அது. ரோகு போன்ற கெண்டை இனங்களில் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சின்ன எலும்புகள் உண்டு, அதனால் சத்தம் கூர்மையாகக் கேட்கும். உங்கள் குளத்தில் முதலில் வெருண்டது ரோகுவாகத்தான் இருக்கும். ஒன்று வெருண்டு ஓடினால் வலையையே காணாத மீனும் கூடவே ஓடும்.

பழைய தட்டலைத் திருத்தப் போராட வேண்டாம். ஒரு நாள் தீன் போடாமல் விட்டு, மறுநாள் எதிர்க்கரைக்கு மாறுங்கள். வாளிக்குப் பதில் வேறு சத்தம், தகரத்தைத் தட்டினாலும் சரி. சத்தம் கேட்டவுடன் கைப்பிடித் தீன், தினமும் அதே நேரம். சத்தம் போட்டுவிட்டுத் தீன் மூட்டையைத் தேடப் போனால் மீன் அதைக் கணக்கிலெடுக்காது. மிதக்கும் மிச்சத்தை அள்ளிவிடுங்கள், அழுகினால் ஒட்சிசனைத்தான் தின்னும்.

இனி நிறை பார்க்கும் வலை, தீன் போடும் மூலையில் விழவே கூடாது. தீனுக்கு முன், வெறும் வயிற்றில், சத்தமில்லாமல் வேறு கரையில் வீசுங்கள். வலை போட்டபின் ஓரிரு நாள் குறைவாகத் தின்றால் பதற வேண்டாம்.

அப்புறம், நீர்க்காகம் குளத்தில் இறங்குகிறதா? அதுவும் இதே வெருட்டலைத்தான் செய்யும். தீன் போடும் மூலைக்கு மேலாவது பழைய வலையொன்றை இழுத்துக் கட்டிவிடுங்கள்.